எங்கள் எதிர்ப்புக்கு விழுந்த பச்சைப் புள்ளி

1

போன திங்கட்கிழமை காலை ஸ்டோர் ரோட்டை அடைத்துவிட்டார்கள். இடுப்பளவு சிமெண்ட் கட்டைகள், அதற்குப் பின்னால் ஆளுயரக் கம்பி வேலி, வேலியில் ஒரு பலகை. பலகையில் சிரித்துக்கொண்டே ஓடுகிற ஒரு குடும்பத்தின் படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி. கீழே மலாயில் 'உங்கள் கருத்துகளால் உருவான பசுமைப் பாதை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூர் மாநிலம். குளுவாங் சந்தைக்குப் பஸ்ஸில் போய்விட்டு மதியச் சமையலுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு தூரம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. நான் இன்னும் கணவர் விசாவில் இருக்கிறவள். அதைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியவள். எதற்கு வம்பு.

நாங்கள் இருக்கும் இடத்தைத் தாமான் என்பார்கள், குடியிருப்பு என்று அர்த்தம். ரப்பர் தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது புது டவுன்ஷிப் வந்துவிட்டது. அதற்கு மதில் உண்டு, காவலாளி உண்டு. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் போவதுதான் ஸ்டோர் ரோடு. ரப்பர் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோர் ஒரு காலத்தில் அதன் ஓரத்தில் இருந்ததாம். கட்டடம் போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ரோட்டின் மறுமுனையில் தமிழ்ப்பள்ளி. எங்கள் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கதை பேசிக்கொண்டே நடந்து போய்விடுவார்கள். ஸ்டோர் ரோடு இல்லையென்றால் பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓரத்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போகும். பெரியவர்களே சாக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று, லோரி போன பிறகு நடக்கிற ரோடு அது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வேலிக்கு முன்னால் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுமதியின் மகள் மீரா, முதலாம் வகுப்பு, என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஆன்ட்டி, கேட் எங்க இருக்கு?"

கேட் இருக்கிறது. டவுன்ஷிப் பக்கம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் அட்டையைக் காட்டினால் திறக்கும்.

2

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. எங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் காலிக்குடங்களைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் நிற்கும். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் தாசில்தாரின் ஜீப் வரும். அவர் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார், என் அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்குவாள். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்துவிடும். இரண்டு நாள் ஒழுங்காக வரும், பிறகு நின்றுபோகும், மறுபடியும் குடத்தைத் தூக்க வேண்டும். அதைப் பெரிய நிர்வாகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மா திட்டியது திட்டாகத்தான் அந்த ஆளின் காதில் விழுந்தது. அதை அவர் பாராட்டு என்று எழுதிக்கொண்டு போனதில்லை.

இங்கே முறையே வேறு. போன வருஷம் என் கணவர் குணா ஒரு துண்டுக் காகிதத்தோடு வேலையிலிருந்து வந்தார். அவர் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவர்.

"செல்வி, நம்ம ஏரியாவுக்குப் புதுசா பிளான் போடறாங்களாம். வீட்டுல இருந்தே கருத்து சொல்லலாமாம். போர்ட்டல் தொறந்துட்டாங்க."

அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்திருந்தார்கள். வரைபடத்தை விரலால் இழுத்தால் மரங்கள் அசைந்தன. ஓர் இடத்தில் பச்சையாக ஒரு நீளக் கோடு. அதைத் தொட்டால் பூங்கா, ஓடுபாதை, பெஞ்சு, விளக்கு என்று படம் படமாக வந்தது. பிடித்திருந்தால் இதயத்தை அழுத்தலாம். விருப்பமிருந்தால் எழுதலாம். இது எந்த இடம் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஸ்டோர் ரோடு என்று அதில் எங்குமே இல்லை. பதிவேட்டில் அந்த ரோட்டுக்குப் பெயரே கிடையாதாம்.

நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அடையாள அட்டை எண் கேட்டது. என்னிடம் இருப்பது பாஸ்போர்ட் எண். அதைப் போட்டால் கட்டம் சிவந்துபோய் 'தவறு' என்றது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். குடும்பத்தில் குடிமகன் யாராவது இருந்தால் அவரைப் போடச் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். நிரந்தரவாசத்துக்கு நான் மனுப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்பார்கள். பிள்ளை பெற்றேன், மாமியாருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டினேன், இந்தத் தாமான் சாக்கடையை வாரம் தவறாமல் கூட்டுகிறேன். ஓர் இதயத்தை அழுத்தக்கூட எனக்குத் தகுதியில்லை.

"ஊரா இருந்தா குடத்தைத் தூக்கிட்டுப் போய் ரோட்டுல உக்காந்திருப்போம்" என்றேன்.

"அலாமாக், இது உங்க ஊரு இல்ல. நீ ரோட்டுல உக்காந்தா உன் விசாவும் சேர்ந்து உக்காந்துரும்" என்றார் குணா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை.

3

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவர் மாணிக்கம் அண்ணன் நடத்தினார். பழைய தோட்டத்தில் கடைசிக் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். இந்தத் தாமானில் எந்த அலுவலகத்துக்கு எந்த மனு போவதானாலும் அவர் எழுத்தில்தான் போகும். மலாயை அவ்வளவு அழகாக எழுதுவார்.

வீட்டுக்கு ஒரு மனுவாகத் தனித்தனியாகப் போடுவோம் என்று நான் சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

"ஆளாளுக்கு ஒன்னு எழுதுனா நமக்குள்ள சண்டை மாதிரி தெரியும்மா" என்றார் மாணிக்கம் அண்ணன். "எல்லாரும் பேசி, ஒத்துமையா ஒன்னு போடுவோம். தோட்டத்துல இருந்து அப்படித்தானே செஞ்சோம்."

உண்மைதான். தோட்டத்தில் பத்துப் பேர் துரை முன்னால் போய் நின்றால் கலகம். ஓர் ஆள் போய்ப் பேசினால் மனு. அந்தப் பழக்கம் இவர்களின் எலும்பில் ஊறிவிட்டது. ஊர் முழுக்கப் பேசி ஒரே முடிவுக்கு வருவதைத்தான் இவர்கள் பலம் என்று நினைக்கிறார்கள். கோயில் உபயத்துக்குக்கூட இரண்டு கட்சியாக நிற்கிறவர்கள் அன்றைக்கு ஸ்டோர் ரோட்டுக்காக ஒரே கட்சியானார்கள். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாணிக்கம் அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினார். முதலில் நகராட்சி மன்றத்துக்கு வணக்கமும் நன்றியும். சாக்கடை அடைப்பை எடுத்துத் தந்ததற்கு நன்றி, தீபாவளிக்கு விளக்கு போட்டுத் தந்ததற்கு நன்றி. அடுத்த பத்தியில் வளர்ச்சியை மனதார வரவேற்கிறோம் என்றிருந்தது. அதற்கடுத்த பத்தியில் பசுமை எல்லாருக்கும் நல்லது, இப்படி ஒரு பூங்காவை யோசித்த அதிகாரிகள் நீடூழி வாழ வேண்டும். கடைசிப் பத்தியில்தான், இயன்றால், தயவு கூர்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் ஸ்டோர் ரோட்டை அடைக்காமல் விட முடியுமா என்று பரிசீலிக்கும்படி தாழ்மையுடன் கேட்டிருந்தார்.

"அண்ணே, வேணாங்கறத முதல்லயே சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எடுத்த எடுப்புலயே வேணாம்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதாம்மா? அவங்களும் நம்மள மாதிரி சம்பளத்துக்கு வேலை செய்யறவங்கதான். மொதல்ல நல்லதச் சொல்லணும். அப்பதான் மனசு எளகும்."

மண்டபமே தலையாட்டியது. குணா தன் கைப்பேசியில் மாணிக்கம் அண்ணன் பெயரில் அதை ஏற்றினார். அனுப்புகிற பொத்தானை அண்ணனே அழுத்தினார். எல்லாரும் கை தட்டிவிட்டு வடை சாப்பிட்டோம்.

4

எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மகள் தர்ஷினியைக் கூப்பிட்டேன். அவள் ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். விளம்பரப் படம் வரைகிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். பாதி ஆங்கிலம், மீதியில் பாதி மலாய், எனக்காக மிச்சம் வைத்திருக்கிற கொஞ்சம் தமிழ். உன் பெயரில் தனியாக ஓர் எதிர்ப்புப் போடு என்று விவரம் சொன்னேன். அவள் போர்ட்டலைத் திறந்தாள்.

"அம்மா, நான் ஏற்கெனவே கருத்து சொல்லிட்டேன்னு காட்டுது."

"எப்ப சொன்ன?"

"ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் லிங்க் அனுப்புனா. உங்க ஊர் பக்கம் ஒரு பார்க் வருதாம்னு. டிசைன் ரொம்ப அழகா இருந்துச்சும்மா. ஹார்ட் போட்டேன்."

"அது ஸ்டோர் ரோடுடி."

"என்னம்மா சொல்றீங்க? மேப்புல பேரே இல்லையே."

மாற்றிப் போடு என்றேன். மாற்ற முடியாதாம். ஓர் ஆளுக்கு ஒரு தடவைதானாம். நான் கத்திவிட்டேன். ஆறு வருஷம் வெள்ளை சட்டை, நீலப் பினாஃபோர் போட்டுக்கொண்டு அந்த ரோட்டில்தான் பள்ளிக்கு நடந்தாள். மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த ரோட்டின் கழுத்தில் கத்தி வைக்கிற படத்துக்கு இதயம் போட்டிருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அவளும் அழுதாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை.

நிதானமாக யோசித்தபோது கோபம் திசை மாறியது. தன் தெருவை ஆகாயத்திலிருந்து பார்த்தவர் யார் இருக்கிறார்கள்? நடந்த காலுக்குத் தெரிகிற ரோடு வேறு, பருந்து பார்க்கிற ரோடு வேறு. வரைந்தவர்கள் மேலே நின்று வரைந்தார்கள், வீடுகளைச் சின்னச் சின்னச் சாம்பல் கட்டங்களாக்கினார்கள், மரத்துக்கு மட்டும் ஒரிஜினல் மாதிரி நிழல் போட்டார்கள். பிள்ளைகள் நடக்கிற ரோடு என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி போட்டிருந்தால் என் மகள் அழுத்தியிருப்பாளா? அவளைத் திட்டிய வாயால் அவர்களைத் திட்ட முடியவில்லையே என்பதுதான் எரிகிறது. அவர்களுக்கு முகம் கிடையாது, எண் மட்டும்தான் உண்டு.

5

சில மாதங்கள் கழித்து மாணிக்கம் அண்ணனுக்கு ஓர் அழைப்பு வந்தது. மதிப்பீட்டுக் கூட்டமாம். நம் மனுவைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள் என்று வேட்டி சட்டையில் கிளம்பிவிட்டார். தாமானிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம்.

குளிர்சாதன அறை, கறிபாப் என்கிற மசாலா பஃப்ஸ், சூடாகத் தேநீர். ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளம்பெண் திரையில் காட்டி விளக்கினாள். அடக்கமான பெண், குரலும் இதமாக இருந்தது. எத்தனை பேர் போர்ட்டலுக்கு வந்தார்கள், எத்தனை நிமிடம் தங்கினார்கள், கைப்பேசியில் வந்தவர்கள் எத்தனை, இளைஞர்கள் எத்தனை என்று படம் படமாகப் போட்டாள். எல்லாப் படத்திலும் கோடு மேலேதான் ஏறியது. நான் ரோட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கூட்டம் முடிந்த பிறகுதான் உறைத்தது, இவர்கள் மதிப்பிட வந்தது திட்டத்தை அல்ல, போர்ட்டலை. மக்கள் என்ன சொன்னார்கள் என்பது இவர்கள் வேலையே இல்லை. மக்கள் வசதியாகச் சொன்னார்களா என்பதுதான் வேலை.

அப்புறம் வரைபடம் வந்தது. ஆதரவு பச்சைப் புள்ளி, எதிர்ப்பு சிவப்புப் புள்ளி. டவுன்ஷிப் பக்கம் பச்சை கொட்டிக் கிடந்தது. எங்கள் தாமானில் ஒரே ஒரு புள்ளி. அதுவும் பச்சை.

மாணிக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அது நம்மளதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் எழுந்தேன். என் மலாய் சந்தை மலாய், மீன் வாங்கப் போதும், நியாயம் கேட்கப் போதாது. இருந்தாலும் கேட்டேன். நாங்கள் வேண்டாம் என்றுதானே எழுதினோம், எப்படிப் பச்சை?

அந்தப் பெண் மனுவைத் தேடி எடுத்துத் திரையில் போட்டாள். மனுக்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படிக்க முடியாதாம், மென்பொருள் படித்துப் பிரிக்குமாம். நன்றி, வரவேற்கிறோம், நல்லது, நீடூழி வாழ்க என்று இத்தனை நல்ல வார்த்தைகள் இருப்பதால் அது ஆதரவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சரி, அதில் நூறு குடும்பம் இருக்கிறதே என்றேன். ஒரு கணக்கிலிருந்து வந்ததால் அது ஒரு கருத்து. சொல்லும்போது அவளுக்கே முகம் வாடிவிட்டது. 'மிகவும் முக்கியமான அவதானிப்பு. இதை அறிக்கையில் பாடமாகச் சேர்க்கிறோம்' என்றாள். அடுத்த முறை தமிழில் ஒரு வழிகாட்டியும் வருமாம்.

"அப்ப ரோடு?" என்றேன்.

திட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அது வேறு பிரிவு.

எங்கள் பிள்ளைகளின் ரோட்டை எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு பாடமாகும் பெருமையைக் கொடுத்தார்கள். யாருக்குப் பாடம்? அடுத்த ஊருக்கு. நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. குணா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட என் கோபம் ஒரு பக்கம் மட்டும் இருந்திருக்கும். கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் ஒரு டேப்லெட்டோடு நின்றாள். போர்ட்டல் எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் போட வேண்டும். மாணிக்கம் அண்ணன் முதலில் போனார். ஐந்து போட்டார். அவருக்குப் பின்னால் எங்கள் வேனில் வந்தவர்கள் வரிசையாகப் போனார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து. என் முறை வந்தது. அடையாள அட்டை எண் கேட்டது. "பரவாயில்லை ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே என்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் நீட்டினாள்.

வேனில் வெடித்தேன். "எதுக்குண்ணே அஞ்சு போட்டீங்க?"

"அந்தப் பொண்ணு எதிர்லயே நிக்குது, செல்வி. மரியாதையா பேசுச்சு. கறிபாப் எல்லாம் குடுத்தாங்க. கொறைச்சுப் போட்டா அது வேலைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அந்த அறிக்கையில் எங்கள் தாமான் முழுத் திருப்தி என்று இருக்கும். யாராவது எடுத்துப் பார்த்தால் நாங்களே கேட்டு வாங்கிய வேலி என்றுதான் நினைப்பார்கள். மன்றத்தின் மேல் வந்த ஆத்திரத்தைவிட இவர்களின் நல்ல குணத்தின் மேல் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் அதிகம். ஏமாற்றுகிறவன் மனசு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஏமாறுகிறவர்களை என்ன செய்வது?

6

திங்கட்கிழமைக்கு வருகிறேன். வேலிக்கு முன்னால் நின்ற பிள்ளைகளைப் பெரிய ரோடு வழியாகக் கூட்டிப் போனேன். ஒரு கையில் மீரா, மறு கையில் இன்னொரு பிள்ளை, மற்றவர்கள் எனக்கு முன்னால் வரிசையாக. முதல் லோரி போனபோது மீரா என் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது லோரிக்கு அழ ஆரம்பித்தாள். பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், நைட் ஷிப்ட் முடித்த சுமதி தொழிற்சாலைச் சட்டையோடு வேலி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மாணிக்கம் அண்ணனும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். குணாவும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். சுமதி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வருஷம் மீராவ மலாய் ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அது இந்தப் பக்கமே இருக்கு. தெனமும் நீங்க கூட்டிட்டுப் போக முடியுமா? எனக்கு ஷிப்ட்."

"நாங்களும் அதத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் அவள் பின்னால் நின்ற ஒருவர்.

தமிழ்ப்பள்ளியில் ஏற்கெனவே வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். இந்தத் தாமான் பிள்ளைகளும் போனால் பெஞ்சுதான் மிஞ்சும். மாணிக்கம் அண்ணன் படித்த பள்ளி அது. பெற்றோர் சங்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார். அவர் அந்தப் பலகையில் ஓடுகிற குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். பலகையின் அடியில் போட்டிருந்த எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்தவர் காலை வணக்கம் சொன்னார். மாணிக்கம் அண்ணன் திருப்பிச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

"ஸ்டோர் ரோட்டில் வேலி போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்" என்றார் மலாயில்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறியது. ஸ்டோர் ரோடு என்று ஒன்று பதிவில் இல்லையே என்றது. போர்ட்டலில் புகார் பதிந்திருக்கிறீர்களா என்று பணிவாகக் கேட்டது. பதிந்திருந்தால் புகார் எண்ணைச் சொல்லுங்கள், ஐயா.

"எண் இல்லை. ஆள் இருக்கிறோம். வந்து பார்" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைத் தள்ளி வந்து சிமெண்ட் கட்டைக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சுமதி வீட்டுக்குப் போகாமல் அவர் பக்கத்தில் நின்றாள்.

குணா என்னைப் பார்த்தார். விசா என்று அவர் சொல்லவில்லை. நானும் போய் நின்றேன்.

மத்தியானம் பள்ளி விடும்வரை மன்றத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பிறகு பிள்ளைகளை அழைத்துவரப் பெரிய ரோட்டுக்கு நடந்தோம், இந்த முறை பத்துப் பதினைந்து பேர், ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு. பின்னால் வந்த லோரி ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் வேகத்துக்கு வந்தது.